முதலாளியின் கதிரையும் கணக்கப்பிள்ளையின் கதிரையும்

புறக்கோட்டையில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இரண்டு விதமான கதிரைகளைக் காணலாம். ஒன்று முதலாளியுடையது. உயர்ந்த முதுகு, கறுப்பு றெக்சீன் உறை, சுழலும் சில்லுகள். மற்றது கணக்கப்பிள்ளையுடையது. பெரும்பாலும் பிளாஸ்டிக் கதிரை. உயரம் போதாமல் ஒரு பழைய தலையணையோ மடித்த சாக்கோ அதன் மேல் கிடக்கும்.

முதலாளி தன் கதிரையில் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தால் பெரிய விஷயம். மீதி நேரம் வங்கி, துறைமுகம், களஞ்சியம், கடன் வசூல் என்று ஓடித் திரிவார். கணக்கப்பிள்ளையோ காலை எட்டரைக்கு இருந்தால் மாலை வரை எழும்பமாட்டார். அதிகம் இருப்பவருக்கு மோசமான கதிரை, குறைவாக இருப்பவருக்கு நல்ல கதிரை. இந்தக் கணக்குப் பிழை என்பது எனக்கு விளங்குவதற்கு இருபது வருடங்களுக்கு மேல் சென்றது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னைப் போன்ற மற்ற வியாபாரிகளுக்காவது பிரயோசனப்படட்டும் என்றே எழுதுகிறேன்.

எங்கள் கணக்கப்பிள்ளை வாப்பாவின் காலத்திலேயே கடைக்கு வந்தவர். என்னை விட வயதில் மூத்தவர், நானா என்றுதான் அழைப்பேன். நாரி வலிக்கிறது என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். "வயசு போகுது நானா, எண்ணெய் பூசிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். 2023 டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலை அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. முள்ளந்தண்டில் தட்டு விலகியிருக்கிறது, குறைந்தது ஆறு கிழமை ஓய்வு வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

எந்த நேரத்தில் என்று பாருங்கள். 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. பில் போடும் முறையை மாற்ற வேண்டும், கையிருப்புச் சாமான்களுக்கு விலை திருத்த வேண்டும், வரிப் படிவம் நிரப்ப வேண்டும். எந்தக் கொப்பியில் எது இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் வீட்டில் படுத்திருக்கிறார். வேறு வழியின்றி மூன்று கிழமை நானே அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வேலை செய்தேன்.

முதல் நாள் பிடரி வலித்தது. கணனித் திரை மேசையோடு ஒட்டி, தாழ்வாக இருந்ததே காரணம். மூன்றாம் நாள் தோள் வலித்தது. மேசை வாப்பா காலத்து மேசை. பேரேடு எழுதுவதற்குச் செய்த அந்த உயரத்தில் தட்டச்சு செய்தால் தோள் காது வரைக்கும் ஏறுகிறது. மவுஸ் பில் இயந்திரத்துக்கு அப்பால் கிடந்தது, ஒவ்வொரு தடவையும் எட்டிப் பிடிக்க வேண்டும். தெரு வாசலுக்கு முதுகு காட்டி இருந்ததால் பத்து மணிக்குப் பிறகு வெயில் திரையில் பட்டுக் கண் கூசியது. ஒரு கிழமைக்குள் என் நாரியும் பேச ஆரம்பித்தது. நானா இதைப் பல வருடங்கள் சுமந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் நான் உணர்ந்தேன்.

அதன் பிறகு விசாரித்தும் வாசித்தும் சொந்தத்தில் பட்டும் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கதிரை. வாங்கப் போகும்போது யார் இருக்கப் போகிறாரோ அவரையே கூட்டிப் போங்கள். பத்து நிமிடமாவது அதில் இருக்கச் சொல்லுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுமையாகப் பட வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். முதுகுச் சாய்வு நாரி வளையும் இடத்தில் தாங்க வேண்டும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடியதாகவும், அடியில் ஐந்து கால் உள்ளதாகவும் பாருங்கள். நான்கு காலில் சுழலும் கதிரை சாயும்போது கவிழக்கூடும். கொழும்பின் புழுக்கத்தில் றெக்சீன் வியர்க்கும், சில வருடங்களில் உரியவும் தொடங்கும். வலை முதுகு காற்றோட்டமானது. கைப்பிடி மேசையில் இடித்தால் ஆளை மேசைக்குக் கிட்ட வர விடாது, அதையும் கவனியுங்கள்.

இரண்டாவது மேசை. மொரட்டுவையில் மேசைக்கு ஓடர் கொடுப்பவர்கள் நீளம் அகலத்தைச் சொல்லிவிட்டு உயரத்தைத் தச்சரிடம் விட்டுவிடுகிறார்கள். பாதத்தைத் தரையில் வைத்து, தோளைத் தளர விட்டு, முழங்கையை மடித்து இருக்கச் சொல்லித் தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். மேசை அந்த உயரத்தில், அல்லது சற்றுத் தாழ்வாக இருந்தால் போதும். பழைய மேசையை எறிய வேண்டியதில்லை. காலில் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் அறுத்துவிடலாம். அறுக்க மனமில்லாவிட்டால் கதிரையை உயர்த்தி, காலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள்.

மூன்றாவது திரை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். தூரம் ஒரு கை நீளம். இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஏ4 கடதாசிக் கட்டு ஒன்று ஏறக்குறைய இரண்டு அங்குலம். இரண்டு கட்டுகளைத் திரைக்கு அடியில் வைத்தால் வேலை முடிந்தது. மூக்குக் கண்ணாடியில் கீழ்ப்பகுதியால் வாசிப்பவர்களுக்கு மட்டும் திரையைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் தலையை அண்ணாந்து அண்ணாந்து பிடரி போய்விடும். பிள்ளைகள் இப்போது மடிக்கணனியோடு கடைக்கு வருகிறார்கள். அதில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் ஒன்று சரியான உயரத்தில் இருந்தால் மற்றது பிழைக்கும். நாள் முழுக்க அதில் வேலை என்றால் தனியாக ஒரு விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக் கொடுத்து, மடிக்கணனியை உயர்த்தி வையுங்கள்.

நான்காவது வெளிச்சமும் ஒழுங்கும். வாசலும் ஜன்னலும் பக்கவாட்டில் வருமாறு மேசையைத் திருப்பிப் போட்டாலே கண் கூச்சம் பெருமளவு தீரும். கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் எழுதும் கையின் நிழல் விழாது. இடக்கைக்காரருக்கு வலப்பக்கம். அடிக்கடி எடுக்கும் பில் புத்தகம், கல்குலேட்டர், தொலைபேசி எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கும் கோவைகள் றாக்கைக்குப் போகட்டும்.

"நம் மூத்தவர்கள் பாயில் இருந்து சாய்வுப் பெட்டியில் கணக்கு எழுதினார்களே, அவர்களுக்கு என்ன நோய் வந்தது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை பேரேடு எடுக்க எழும்பினார், துணி அளந்தார், களஞ்சியத்துக்கு நடந்தார், வங்கிக்குப் போய் வரிசையில் நின்றார். இன்று எல்லாம் ஒரு திரைக்குள் வந்துவிட்டது. எழும்புவதற்குக் காரணமே இல்லை. ஆகவே எவ்வளவு நல்ல கதிரை வாங்கினாலும் அரை மணிக்கு ஒரு தடவை எழும்பி நாலு அடி நடக்க வேண்டும். தொழுகைக்கும் தேநீருக்கும் எழும்புபவரைப் பார்த்து முகம் சுளிக்கும் முதலாளி தன் கடைக்குத்தான் நட்டம் தேடுகிறார்.

செலவைப் பற்றியும் பேசுவோம். 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு இறக்குமதிக் கதிரைகளின் விலை நன்றாக ஏறிவிட்டது, மறுக்கவில்லை. நானாவுக்கு நான் வாங்கிய கதிரை 36,000 ரூபா. ஐந்து வருடம் உழைக்கும் என்று வையுங்கள். மாதத்துக்கு 600 ரூபா. 25 வேலை நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 24 ரூபா. புறக்கோட்டையில் ஒரு பிளேன்டீ கூட அந்த விலைக்கு இல்லை. அவர் இல்லாத அந்த நாட்களில் பிழையாகப் போட்ட பில்களாலும், தவறவிட்ட ஒரு காசோலையாலும் எனக்குப் போன தொகையில் இப்படிப்பட்ட கதிரைகள் பல வாங்கியிருக்கலாம். முழுப் பணம் இல்லாதவர்கள், காரியாலயங்கள் இடம் மாறும்போது விற்கும் பாவித்த கதிரைகளைப் பாருங்கள். உயர்த்தி இருந்து பாருங்கள். தானாகக் கீழே இறங்கினால் தண்டு பழுது, வாங்காதீர்கள்.

1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வகுத்திருக்கிறது. அந்த நேரத்துக்கு நாம் சம்பளம் கொடுக்கிறோம். அந்த எட்டு மணித்தியாலத்தையும் ஒரு மனிதர் எதன் மேல் கழிக்கிறார் என்பதைப் பார்ப்பதும் நம் பொறுப்புத்தான்.

நானா மார்ச் மாதம் திரும்பி வந்தார். இப்போது அரை நாள் மட்டுமே வேலை செய்கிறார், அதற்கு மேல் உடம்பு இடம் கொடுப்பதில்லை. புதிய கதிரையில் முதல் தடவை இருந்தபோது, "ஹாஜியார், இது நல்லா இருக்கு. பத்து வருசத்துக்கு முந்தி கிடைச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வியாபார நண்பர்களே, உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். நாளைக் காலை கடை திறந்ததும் உங்கள் கணக்கப்பிள்ளையின் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்து அவருடைய வேலையைச் செய்து பாருங்கள். என்ன வாங்க வேண்டும் என்பதை உங்கள் நாரியே சொல்லிவிடும்.