பாலத்துக்குச் சுங்கம் யார் கட்டுவது?

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்து, பத்து வருடம் காட்டில் உழைத்த நம் பிள்ளை ஒருவர் கனடாவுக்கு மனுப் போடுகிறார். அந்த நாடு 1967 முதல் மார்க் போட்டுத்தான் ஆள் எடுக்கிறது. படிப்புக்கு மார்க், அனுபவத்துக்கு மார்க். ஆனால் ஒண்டாரியோவில் போய் இறங்கியதும் அதே படிப்பைக் காட்டி, "நான் பதிவு பெற்ற வனவியலாளர்" என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பதிவு பெற்றவர் சான்றளித்தால்தான் அங்கே வனத் திட்டம் செல்லும். வெளிநாட்டில் படித்தவருக்கு இணைப்புப் பயிற்சி என்று ஒரு பாலம் காட்டுகிறார்கள்.

பாலமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தேக்கும் சந்தனமும் தெரிந்தவருக்கு ஸ்ப்ரூஸ் மரம் புதிது. அந்நாட்டுக் காட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பொதுநிலம். அதில் பூர்வகுடி மக்களுக்கு ஒப்பந்த உரிமைகள் உண்டு. அதை அறியாமல் திட்டம் போட்டால் அடிபடுவது அந்த மக்கள். ஆகவே படிக்கட்டும்.

எப்படிப் படிப்பது என்பதில்தான் தகராறு. எங்கள் ரயில்வேயில் புதிய பாதைக்கு மாற்றலாகி வரும் டிரைவரிடம் உடனே வண்டியைக் கொடுப்பதில்லை. ரோடு லேர்னிங் உண்டு. சிக்னல், ஏற்றம், வளைவு எல்லாம் பகலிலும் இரவிலும் கூடவே போய்ப் பார்த்து, பாதை தெரியும் என்று கையெழுத்திட்ட பிறகுதான் வண்டி. அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. மறுபடி உதவியாளராகப் போ என்று யாரும் சொல்வதில்லை. (சொன்னால் யூனியன் சும்மா விடுமா?)

வனவியலாளருக்கோ சம்பளம் இல்லை. மர வளர்ச்சி முதல் தொழில் ஒழுக்கம் வரை ஏழு தகுதிகளுக்கும் அவரே ஆதாரம் திரட்ட வேண்டும். குறைகிற பாடத்துக்கு அவரே பணம் கட்ட வேண்டும். அதுவரை வீட்டு வாடகைக்குக் கிடங்கில் பெட்டி தூக்கலாம்! கனடா அனுபவம் உண்டா என்று நிபந்தனை போடுவதைப் பல தொழில்களில் தடுக்க ஒண்டாரியோ 2021-இல் சட்டம் இயற்றியது. சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு அந்த வழக்கம் வேரூன்றியிருந்தது என்றுதானே பொருள்?

மார்க் போட்டு அழைக்கிற அரசே பயிற்சிச் செலவை ஏற்கட்டும். குறைகிற பாடத்தை மட்டும், கூலியோடு சொல்லித் தரட்டும்.

நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நகையை அடகு வைக்குமுன் ஏஜெண்டை நம்பாமல், போகிற மாகாணத்து வனவியலாளர் சங்கத்துக்கே எழுதிக் கேளுங்கள். மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. பாடத்திட்டம், மார்க் பட்டியல், வேலைச் சான்று மூன்றையும் முத்திரையோடு இங்கேயே வாங்கி வையுங்கள்.