முதற்செலவு ஊசிக்கே

கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டிலோ மும்பையின் சோர் பஜாரிலோ ஆய்வு மாணவர் ஒருவருக்குத் தாம் தேடிய இசைத்தட்டு அகப்பட்டுவிடுகிறது. அதை ஒலிக்கச் செய்யும் கருவி பற்றிய நினைவு பிறகுதான் வருகிறது. அப்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, 'எந்தக் கம்பெனி டர்ன்டேபிள் நல்லது?' என்பதே. நாற்பது ஆண்டு பழைய கருவியைப் பொறுத்தவரை இது ஏறக்குறையப் பொருளற்ற கேள்வி. ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் செய்த இரண்டு கருவிகளில் ஒன்று இன்றும் சீராகச் சுழலலாம். மற்றது பரணில் கிடந்து இறுகிப் போயிருக்கலாம். 'கையிலிருக்கும் தட்டுகள் எவை? அவற்றைக் கெடுக்காமல் ஒலிக்க என்ன வேண்டும்?' என்ற கேள்விகளிலிருந்து தொடங்குவதே முறை.

பணத்தின் அளவை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்குக் கிடைப்பது 8,000 ரூபாய். பின்னவருக்கு 15,000 ரூபாய் என்பது ஏறத்தாழ இரண்டு மாத வருவாய். அந்த 15,000 ரூபாயே இங்கு உச்ச எல்லையாகக் கொள்ளப்படுகிறது. இந்த எல்லைக்குள் செய்யும் தவறு பணத்தோடு முடிவதில்லை. கருவி வீணானால் வேறொன்று வாங்கலாம். மறுபதிப்பு வராத ஒரு தட்டின் பள்ளங்கள் சிதைந்தால் அதை ஈடுசெய்ய வழியில்லை.

எல்லாம் யூடியூபில் இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு என்ற வாதம் உண்டு. கேட்டு மகிழ்வதற்கு அது போதும். ஆய்வுக்குப் போதாது. பதிவேற்றியவர் எந்த வேகத்தில் ஒலிக்கவிட்டார், இரைச்சலை நீக்குகிறேன் என்று எதையெல்லாம் நீக்கினார், லேபிளிலும் மேட்ரிக்ஸ் எண்ணிலும் என்ன இருந்தது என்பவை அங்கே பெரும்பாலும் தெரிவதில்லை. ஒரு பாடகரின் சுருதியைப் பற்றி எழுதுபவர், யாரோ ஒருவரின் மோட்டார் ஓடிய வேகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

புதிதாக, குறைந்த விலைக்கு விற்கப்படும் கைப்பெட்டி வடிவக் கருவிகளே இளைஞரை முதலில் ஈர்க்கின்றன. ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும், தோற்றமும் அழகு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்து கிராம் அளவிலோ அதற்கு மேலோ தட்டை அழுத்தும். அந்த அழுத்தத்தைக் குறைக்க வழியும் இராது. நல்ல மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு இரண்டு கிராம் சுமாரே போதும். கடைத்தெருவில் ஒரு முறை மட்டும் கிடைத்த தட்டை அந்தப் பெட்டியில் வைப்பது சிக்கனமாகாது.

உள்நாட்டுப் பழங்கருவிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எச்.எம்.வி. ஃபியஸ்டா பல இந்திய வீடுகளின் நினைவில் இருக்கும் கருவி. பழுது பார்க்கவும் எளிது. எனினும் அந்த வகைக் கருவிகள் கனமான செராமிக் கார்ட்ரிட்ஜுக்காக வடிவமைக்கப்பட்டவை. மோனோவுக்கு மட்டும் செய்யப்பட்ட பழைய கார்ட்ரிட்ஜில் ஊசி மேலும் கீழும் நெகிழாது. ஸ்டீரியோ தட்டின் பள்ளத்திலோ ஒலித்தகவல் செங்குத்து அசைவிலும் பொதிந்திருக்கிறது. நெகிழாத ஊசி அந்தத் தகவலைச் சீவிக்கொண்டே போகும். ஃபியஸ்டாவை நினைவுப் பொருளாக வாங்கலாம், ஆய்வுக் கருவியாக வேண்டாம். சந்தையில் பளபளக்கும் பித்தளைக் குழாய் வைத்த 'பழங்கால' கிராமபோன்களைப் பற்றி ஒரு வரி போதும்: அவற்றுள் பல, பழைய உதிரிகளுக்குப் புதுக்குழாய் பொருத்தி அண்மையில் செய்யப்பட்டவை. உண்மையான பழைய கிராமபோனாகவே இருந்தாலும், அதன் எஃகு ஊசியின் கீழ் ஒரு எல்.பி. தட்டு ஒரு முறை சுழன்றாலே பாழாகிவிடும்.

இந்தியாவில் கிடைக்கும் பழைய டர்ன்டேபிள்களின் நிலைக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1980-களில் கேசட் வட இந்திய இசைச் சந்தையை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதைப் பீட்டர் மானுவல் 1993-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்த மாற்றத்தின் மறுபக்கம், அதே ஆண்டுகளில் டர்ன்டேபிள்கள் பரணுக்கு ஏறியதே. அன்று முதல் வெயிலையும் மழைக்கால ஈரத்தையும் தாங்கிக் கிடந்தவையே இன்று 'நல்ல கண்டிஷன்' என்ற சொல்லோடு விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பெல்ட் தளர்ந்திருக்கும், ஐட்லர் எனப்படும் ரப்பர்ச் சக்கரம் இறுகியிருக்கும், கிரீஸ் பிசினாகியிருக்கும். பெல்ட் மலிவு, எளிதில் மாற்றலாம். இறுகிய ஐட்லரோ ஒவ்வொரு சுற்றிலும் கடகடவென்ற அதிர்வைத் தட்டுக்குக் கடத்தும். மாற்றுச் சக்கரம் கிடைப்பதும் அரிது. பல தட்டுகளை அடுக்கி ஒன்றன்பின் ஒன்றாக விழச்செய்யும் ஆட்டோ சேஞ்சர்களில் நகரும் உறுப்புகள் மிகுதி. ஆகவே சிக்கிக்கொள்ளும் இடங்களும் மிகுதி. குறைந்த பணத்தில் முதற்கருவி வாங்குபவருக்குக் கையால் இயக்கும் எளிய பெல்ட் டிரைவே ஏற்றது. டைரக்ட் டிரைவ் கருவி கிடைத்தால் இன்னும் நன்று. 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வரிசை அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் அது இந்தத் தொகைக்குக் கிடைக்கிறது என்றால் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும்.

கருவியைப் பார்த்ததும் கவனிக்க வேண்டிய இடம், ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மின் பின்முனை. அங்கே திருகி நகர்த்தக்கூடிய எதிர் எடை இருந்தால் அழுத்தத்தைச் சரிசெய்ய முடியும், கார்ட்ரிட்ஜையும் பெரும்பாலும் மாற்ற முடியும். அது இல்லாத கருவியை மேலும் ஆராய வேண்டியதில்லை. அடுத்து டோன்ஆர்மை மெல்லப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் மூட்டில் ஆட்டம் இருக்கக்கூடாது. காற்றில் மிதக்கவிட்டால் தட்டின் ஓரத்திலிருந்து நடுவரை எங்கும் தடைபடாமல் நகர வேண்டும். தட்டு அமரும் சுழல்தட்டையும் மேலிருந்து அசைத்துப் பார்க்கலாம். அதன் அச்சு ஆடினால் அந்தப் பழுது இந்த விலையில் தீராது. கீறல், மங்கிய மூடி, உடைந்த கீல் ஆகியவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். அவை விலையைக் குறைக்கும். ஒலியை அவ்வளவாகக் குறைக்காது.

வேகத்தைக் கடையிலேயே சோதிக்க முடியும். இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய குண்டு பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். 180 கோடுகள் வரைந்த வட்டத்தாள் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் அதன் ஒளியில் சுழன்றால், கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். இணையத்தில் கிடைக்கும் தாள்களில் பல அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்காக 216 கோடுகளுடன் வரையப்பட்டவை. அதை நம்பினால் சரியான கருவியும் தவறானதாகத் தெரியும். எல்.இ.டி. விளக்கின் துடிப்பு ஒரே முறையில் அமைவதில்லை. அதன் கீழ் இந்தச் சோதனையை நம்ப முடியாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவி என்றால் பின்பக்கத் தகட்டைப் படித்தே ஆகவேண்டும். ஜப்பானுக்குரியது 100 வோல்ட், அமெரிக்காவுக்குரியது 120 வோல்ட். நேரடியாக 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும், ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள கருவியில் இன்னொரு சிக்கல் எஞ்சும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான கப்பியோடு அத்தகைய மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் ஒலிப்பார். கருவி இயங்குகிறது, விளக்கு எரிகிறது, ஒலியும் இனிமையாகவே வருகிறது. பழகாத காது அதை அந்தக் காலத்துக் கம்பீரம் என்றே எடுத்துக்கொள்ளும். குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவ் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இனி ஊசி. விற்பவர் 'ஊசி புதிதுதான்' என்று சொல்வது வழக்கம். அதைச் சோதிக்காமல் நம்புவதற்கில்லை. வைர ஊசி சில நூறு மணி நேரம் உழைக்கும். சபையர் ஊசியின் ஆயுள் அதைவிட மிகக் குறைவு. தேய்ந்த ஊசியின் முனையில் தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் உண்டாகும். அதற்குப் பிறகு அது செய்வது உளியின் வேலை. எனவே 15,000 ரூபாயில் கருவிக்கு 8,000-க்கு மேல் கொடுக்காமல், 4,000 அளவுக்குப் புதிய கார்ட்ரிட்ஜுக்கும் ஊசிக்கும் ஒதுக்குவது அறிவுடைமை. மீதி ஃபோனோ ப்ரீஆம்புக்கும் பெல்ட்டுக்கும் தூரிகைக்கும், ஊசியின் அழுத்தத்தை அளக்கும் சிறு மின்னணுத் தராசுக்கும் போகும். விலைகள் ஊருக்கு ஊர் மாறினாலும் விகிதத்தை விட்டுக்கொடுக்கக்கூடாது. ஃபோனோ ப்ரீஆம்ப் ஆடம்பரமன்று. மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தரும் மின்குறி சில மில்லிவோல்ட்தான். அதோடு, 1954-இல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி தட்டில் தாழ்சுரங்கள் அடக்கப்பட்டும் மேல்சுரங்கள் உயர்த்தப்பட்டும் பதிவாகின்றன. அதைத் திருப்பிச் சமன்செய்யும் வேலையும் இந்தச் சிறு பெட்டியுடையதே.

78 சுற்றுத் தட்டுகளைப் பற்றித் தனியே பேச வேண்டும். பீட்டில்ஸ் பாடல்களும் 78 சுற்றுத் தட்டுகளாக வெளிவந்த நாடு இது. ஆகவே இந்திய ஆய்வாளர் 78-ஐத் தவிர்ப்பது கடினம். 1970-களின் ஜப்பானியக் கருவிகளில் பலவற்றுக்கு 33⅓, 45 ஆகிய இரு வேகங்களே உண்டு. இதனாலேயே நல்ல கருவிகளை ஒதுக்கிவிட்டு, 78 எழுதிய மட்டமான கருவிகளை மாணவர்கள் வாங்குகிறார்கள். இது தேவையற்ற இழப்பு. 78 தட்டை 45 வேகத்தில் ஓடவிட்டுக் கணினியில் பதிந்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் உரிய வேகத்துக்கு உயர்த்தலாம். சமன்பாட்டை மட்டும் அதற்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும். எப்படியும் பழைய 78 தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. குறிப்பாக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிவுகளின் வேகத்தை ஆய்வாளரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கணினியால் ஈடுசெய்ய முடியாதது ஊசியின் அளவு. 78-இன் பள்ளம் அகலமானது, எல்.பி.-க்கான நுண்ணூசி அதன் அடியில் உரசிக்கொண்டு இரைச்சலையே பெரிதும் எடுத்துவரும். ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசைபோல ஒரே கார்ட்ரிட்ஜில் எல்.பி. ஊசியையும் 78 ஊசியையும் மாற்றிப் பொருத்த இயலுமானால், இரண்டாவது ஊசியைப் பின்னொரு மாதத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

அரிதான தட்டை இந்தக் கருவியில் முதலில் வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்குவது கடினமே. ஆயினும் அதற்குத் தகுதியான இடங்கள் நாட்டில் உள்ளன: அமெரிக்க இந்தியவியல் கழகம் 1982-இல் தொடங்கிய, குருகிராமில் உள்ள இசை ஆவணக் காப்பகமும், ஒலிப்பதிவுகளை எண்மமாக்கிவரும் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள், பதிவுகள் புலமும் சான்றுகள். வீட்டுக் கருவியில் பழகுவதற்குக் கீறல் விழுந்த திரைப்பாடல் தட்டுகள் எங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. தனியொருவர் 15,000 ரூபாய் திரட்ட முடியாத இடத்தில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கித் துறையிலேயே வைத்துக்கொள்ளலாம். துறை நூலகத்தின் அலமாரியில் தட்டுகள் இருந்தும் அவற்றை ஒலிக்கக் கருவி இல்லை என்ற நிலை புதிதன்று. அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதற்கும் அது ஒரு காரணமாகும்.

கடைக்குச் செல்பவர் தம்முடைய தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இழந்தாலும் வருந்தாத தட்டாகவும், ஷெனாயோ ஹார்மோனியமோ நீண்டு நிற்கும் சுரமுள்ளதாகவும் அது இருக்கட்டும். வேகத்தின் தள்ளாட்டம் தபலாவில் மறைந்துவிடும். நின்று ஒலிக்கும் சுரத்தில் மறையாது. 'மோட்டார் ஓடுகிறது, ஊசி மட்டும் இல்லை' என்று விற்கப்படும் கருவியைச் சோதிக்கப்படாத கருவியாகவே கொண்டு விலை பேச வேண்டும். வாங்கிய பிறகு கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு ரயிலில் கொண்டுசெல்வதாக இருந்தால், எதிர் எடையையும் ஊசியையும் கழற்றி, டோன்ஆர்மை அதன் தாங்கியோடு கட்டி, கழற்றக்கூடிய சுழல்தட்டானால் அதையும் எடுத்துத் தனியே துணியில் சுற்ற வேண்டும். கடையில் நன்றாக ஓடிய கருவியின் அச்சும் மூட்டும், சுழல்தட்டை அப்படியே விட்டுக் கட்டினால், வழியிலேயே கெட்டுப்போகும்.