கடற்காற்றும் இரையாத கணினியும்

விளையாட்டுக் கணினி என்றால் அது இரைந்தே தீரும் என்று நம்மவர்களிற் பலர் நம்புகிறார்கள். இரைச்சலையே பலத்தின் அடையாளமாகக் கருதும் இளைஞர்களும் இருக்கிறார்கள். கல்குடா, வாழைச்சேனைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தங்கள் கையாலேயே கணினி பூட்டிப் பழகுவதை மகிழ்ச்சியோடு கவனித்து வருகிறேன். அவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து அவர்களுக்குப் பணம் அனுப்பும் மாமன்மாருக்கும் அக்காமாருக்கும் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. எங்கள் கரையோரத்தில் சத்தமில்லாத கணினி என்பது ஆடம்பரமன்று. கணினி நீண்டகாலம் உயிரோடு இருப்பதற்கான வழியே அதுதான்.

காரணத்தைக் கடலிலிருந்தே தொடங்கலாம். கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்புத்துகள், காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும் இயல்புடையது. கரைந்த உப்புநீர் மின்னைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். வாடைக்காற்று மழைக்காலத்தில் எங்கள் வீடுகளின் ஈரப்பதன் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். தாய்ப்பலகைமீது படிந்த தூசியில் உப்பும் கலந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. விசிறி வேகமாகச் சுழலுந்தோறும் இத்தகைய காற்றே கூடுதலாக உள்ளே இழுக்கப்படுகிறது.

அடுத்தது வெப்பம். இணையத்திற் கிடைக்கும் வழிகாட்டிகளிற் பெரும்பாலானவை 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் அறைகளில் எழுதப்பட்டவை. எங்களுக்கோ கச்சான் காற்றுக் காலத்தில் பகல் வெப்பம் 33 பாகையை எட்டுவது வழமை. ஒரு குளிர்த்தி தன் செயலியை அறைவெப்பத்திலிருந்து 45 பாகை உயர்வுக்குள் வைத்திருக்கிறது என்று கொள்வோம். அங்கே 65 பாகையில் அமைதியாக நிற்கும் செயலி இங்கே 78 பாகைக்கு ஏறும். விசிறியின் வேகம் வெப்பத்தைப் பார்த்தே கூடுவதால், ரொறன்ரோவில் முணுமுணுக்கும் அதே பெட்டி கல்குடாவில் அலறுகிறது. அங்கே மாரிகாலத்தில் கணினியின் சூடு அறைக்கு இதம். இங்கே அந்தச் சூட்டை விரட்ட இன்னொரு மின்விசிறி வேண்டும். ஆகவே, பிறர் எழுதிவைத்த விசிறிவேக அட்டவணையை அப்படியே பிரதி செய்வதில் பயனில்லை.

இரைச்சலைக் குறைக்க இருவழிகள் உண்டு. முதலாவது, விசிறியின் கணக்கு. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது. சத்தமோ அதைவிடப் பன்மடங்கு விரைவாக ஏறி இறங்குகிறது: வேகத்தைப் பாதியாக்கினால் தோராயமாக 15 டெசிபெல் குறையும். ஒரே மாதிரியான இரண்டு விசிறிகளை வைத்தாலோ கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. எனவே முழுவேகத்தில் ஓடும் ஒரு விசிறிக்குப் பதிலாக அரைவேகத்தில் ஓடும் இரண்டை வைத்தால், ஏறக்குறைய அதே காற்று 12 டெசிபெல் குறைந்த சத்தத்தோடு கிடைக்கும். சிறிய விசிறியைவிட 120 அல்லது 140 மில்லிமீற்றர் விசிறி சிறந்தது என்பதும் இதே நியாயத்தின்பாற்பட்டதே.

ஆயினும் இவ்வழி சத்தத்தை மட்டுமே குறைக்கிறது. காற்றும் உப்பும் முன்போலவே உள்ளே வருகின்றன. சத்தம், வெப்பம், உப்பு மூன்றையும் ஒருசேரக் குறைப்பது இரண்டாவது வழி: சூட்டையே குறைத்துவிடுவது. சிப்பு ஒன்று செலவிடும் மின்வலுவின் பெரும்பகுதி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைக்க முடிந்தால், அப்பகுதி 19 சதவீதம் குறையும். எல்லாச் சிப்புகளும் நிலையாக இயங்கவேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையில் மின்னழுத்தத்தைச் சற்றுத் தாராளமாகவே வைத்து அனுப்புகிறார்கள். அந்தத் தாராளத்தைத் திருப்பி எடுப்பதற்குப் பணம் தேவையில்லை, பொறுமையே தேவை.

வாங்கும்போதே இதை யோசிப்பது இன்னும் நல்லது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 வரைகலை அட்டையின் வலு 450 வாற்று. அதே வரிசையின் 4060 அட்டைக்கு 115 வாற்று. முதலாவதன் ஆற்றலை நான் மறுக்கவில்லை. ஆனால் 60 ஹேர்ட்ஸ் திரைக்கு முன்னால் இருப்பவனுக்கு விநாடிக்கு 140 படங்களை வரைந்து கொடுப்பதால் என்ன பயன்? திரை காட்டுவது அறுபதைத்தான். மென்பொருளில் 60 என்று எல்லை வைத்துவிட்டால், வீணான வேலையும் அதன் சூடும் அந்தக் கணமே நின்றுவிடும். மின்வழங்கியும் அப்படியே. பாகங்களுக்கு 300 வாற்று தேவைப்படும்போது 75 சதவீதத் திறனுள்ள மின்வழங்கி 100 வாற்றைச் சூடாக்கி வீணடிக்கும். 90 சதவீதத் திறனுள்ளது வீணடிப்பது 33 வாற்று மட்டுமே.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பாடத்தைச் சூடுபட்டே கற்றன. இன்ரெல் நிறுவனம் வேகத்தை மட்டுமே துரத்திக்கொண்டுபோய், 2004இல் வெப்பச் சுவரில் முட்டி, உருவாக்கிக்கொண்டிருந்த அடுத்த பென்ரியத்தையே கைவிட்டு இரட்டைக்கரு வடிவமைப்புக்குத் திரும்பியது. மறுபக்கத்தில், 1980இல் வந்த அப்பிள் 3 கணினி விசிறியே இல்லாமல் அமைக்கப்பட்டு, சூட்டினால் அவதிப்பட்டது. சூட்டைக் கவனியாமல் சத்தத்தை மட்டும் ஒழிக்க முனைந்தால் இதுதான் நடக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் எப்படிச் செய்வது? மின்னிணைப்பைக் கழற்றிய பின்பே பெட்டியைத் திறக்கவேண்டும். மின்வழங்கியை மட்டும் எக்காரணங்கொண்டும் பிரிக்கக்கூடாது. மின்னை நிறுத்திய பின்னும் அதற்குள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். பூட்டி முடித்ததும் எதையும் மாற்றாமல் ஒருநாள் ஓடவிட்டு, வெப்ப அளவுகளைக் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியவராது. மின்னழுத்தத்தைச் சிறுபடியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஒருமணி நேரமாவது கடினமான விளையாட்டை ஓட்டிப் பார்க்கவேண்டும். கணினி உறைந்தால் ஒருபடி மேலே ஏறி அங்கேயே நின்றுவிடலாம். இந்தச் சோதனையை நடுப்பகலிற் செய்யுங்கள். இரவுக் குளிரில் தேறிய கணினி பகலில் தோற்கக்கூடும். காற்று உள்ளே வரும் பக்கத்தில் வடிகட்டி வலையும், வெளியேற்றுவதைவிடச் சற்றுக் கூடுதலான உள்ளிழுப்பும் இருந்தால், காற்று கண்ட இடுக்கெல்லாம் நுழையாமல் வலை வழியாகவே வரும். மழைக்காலத்தில் கணினியை வாரக்கணக்கில் மூடிவைக்காமல் நாள்தோறும் சிறிதுநேரம் இயக்குவதும் நல்லது. அந்த இளஞ்சூடு ஈரத்தை விரட்டும். இயங்கும் கணினியைத் துணியாற் போர்த்தும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

காதணிபேசியை மாட்டிக்கொண்டால் சத்தம் கேட்காதே என்று சிலர் வாதிடுவார்கள். விளையாடுபவனுக்குக் கேட்காதுதான். பக்கத்து அறையில் படிக்கும் தங்கைக்கும், திண்ணையில் கண்ணயரும் அம்மம்மாவுக்கும் கேட்குமே! கொழும்பின் தெருவோரத்தில் அமுங்கிப்போகும் இரைச்சல், யன்னல் திறந்துகிடக்கும் எங்கள் ஊர் இரவில் தனித்து ஒலிக்கும். நிலவிரவில் வாவியில் துடுப்பை இறக்கி, அதன் மறுநுனியிற் காதை வைத்து மீன்பாட்டைக் கேட்டவர்களின் மண் இது. அமைதியின் அருமையை எங்களுக்கு வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொலையச்சுப் பொறிகளின் தடதடப்புக்கு நடுவே செய்தி எழுதிப் பழகியவன் நான். அந்தச் சத்தத்தைக் குறைக்க எங்களுக்கு வழியிருக்கவில்லை, சகித்தோம். வழியிருக்கும்போதும் சகிப்பது சோம்பல்.

2022 மார்ச்சில் நாணயமாற்று வீதம் தளர்த்தப்பட்ட சில வாரங்களில், 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 300 ரூபாயைத் தாண்டியதை எவரும் மறந்திருக்க முடியாது. அம்மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்ததும் நினைவிருக்கும். இப்படியொரு நாட்டில் ஒரு வரைகலை அட்டை பழுதானால் அதற்கு ஈடாக இன்னொன்றை வாங்குவது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. ஆகவே, பணம் அனுப்பும் உறவுகளே, மருமகன் கேட்கும் அட்டையின் விலையை விசாரிக்குமுன் அதன் வாற்றை விசாரியுங்கள். பூட்டும் தம்பிமாரே, வாங்கியதை ஐந்து, ஆறு வருடம் காப்பாற்றிப் பாவிப்பவனே இக்கரையில் கெட்டிக்காரன். உங்கள் கணினி எவ்வளவு பலமாக இரைகிறது என்று பெருமை பேசுவதை விட்டுவிட்டு, எவ்வளவு அமைதியாக வேலை செய்கிறது என்பதில் போட்டிபோடுங்கள்.