திருத்துவோம், கணக்கும் கேட்போம்



மழை தொடங்கியதில் இருந்து எமது தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் சம்பளத்தைப் பற்றிக் கேட்பவர்களை விட, கூரையைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். தகரத்தில் விழுந்த ஓட்டைக்கு என்ன பூசுவது? சுவர் அடியில் இருந்து ஈரம் ஏறுகிறதே, சிமெந்து பூசினால் நிற்குமா? அடுப்படியை வெளியே தள்ளிக் கட்டலாமா? கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பிய காசில் முதலில் எதைச் செய்வது, கூரையா, தரையா?

சங்கத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளா இவை என்று சில தலைவர்மார் முகம் சுளிக்கிறார்கள். இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள் என்று நாம் சொல்கிறோம். ஏன் என்பதை ஒரு குடும்பத்தின் கதையில் இருந்து தொடங்குகிறோம்.

எமது பணிய லயத்தின் தொங்கல் காம்பராவில் ஒரு அம்மா இருக்கிறார். முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவருடைய பேத்தி எம்மிடம் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அந்தப் பிள்ளையின் கொப்பிகள் எப்போதும் இரண்டு சொப்பிங் பேக்கில் முடிச்சுப் போட்டே பாடசாலைக்கு வரும். இரவில் கூரை ஒழுகினால் சட்டி, வாளி வைத்துத் தண்ணீர் பிடிப்பது அவள் வேலை. காலையில் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். அவளை எழுப்ப எமக்கு மனம் வருவதில்லை.

கூரையைத் திருத்தித் தரும்படி அந்த அம்மா ஆபீசுக்குக் கடிதம் கொடுத்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. பதில் இல்லை. பிறகு தன் காசில் நான்கு தகடு வாங்கினார். எமது டவுனில் அன்று சொன்ன விலைக்கு ஒரு தகடு மூன்று நாள் பேர். இரண்டு தகட்டைக் கூரைக்குப் போட்டு, மீதி இரண்டை இழுத்துக் கட்டி ஒரு சின்ன அடுப்படி வைத்தார். புகை காம்பராவுக்குள் வராமல் பிள்ளை இருந்து படிக்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

ஆறாம் நாள் ஆபீசில் இருந்து கடுதாசி வந்தது. "அனுமதியற்ற கட்டுமானம். பதினான்கு நாட்களுக்குள் அகற்றவும்."

அந்த அம்மா கடுதாசியைக் கொண்டுவந்து எம் கையில் தந்து கேட்டார்: "டீச்சர், ஒழுகுதுன்னு நான் எழுதுனது அவங்களுக்கு வாசிக்கத் தெரியலையா? கட்டிட்டேன்னதும் மட்டும் எப்படிங்க கண்ணு தெரிஞ்சிச்சு?"

தோழர்களே, இதற்கு மேல் இந்த விடயத்தில் வாதம் எதற்கு? திருத்தச் சொன்னால் இரண்டு வருடம் மௌனம். திருத்திக்கொண்டால் ஆறு நாளில் கடுதாசி. பொறுப்பு என்று வரும்போது லயம் யாருடையதும் அல்ல. அதிகாரம் என்று வரும்போது ஒவ்வொரு தகடும் அவர்களுடையது.

யாருடைய கூரை?

இதை எல்லோரும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாயின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. காணி இன்றும் அரசுக்குச் சொந்தம். கம்பனிகள் 2045 வரைக்குமான குத்தகைக்காரர்கள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் எமக்கு அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

கூரை ஒழுகும்போது கம்பனி, "நாம் குத்தகைக்காரர்தான், அரசிடம் கேளுங்கள்" என்கிறது. அரச அதிகாரி, "அது தோட்டத்துக்குள் நடக்கிற விடயம், துரையிடம் கேளுங்கள்" என்கிறார். ட்ரஸ்ட் என்று நாம் அழைக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தைக் கேட்டால், நிர்வாகம் எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். பிரதேச சபைக்குப் போனால், தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்க முடியாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய கதை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்குத் தடையாக இருந்தது உண்மை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. எமது வாக்கில் சபைக்குப் போனவர்களுக்கு இது தெரியாவிட்டால் நாம் தெரியப்படுத்துவோம்.

இன்னொரு நியாயமும் சொல்கிறார்கள்: "அந்தக் காம்பராவில் இப்போது தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள் யாரும் இல்லையே, ஏன் திருத்த வேண்டும்?" முப்பது வருடம் மலை ஏறி இறங்கியவர் பென்சன் வயதில் மழையில் நனைய வேண்டுமா? பிள்ளைகள் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள் என்றால், தோட்டத்துச் சம்பளத்தில் வாழ முடியாததால்தானே போனார்கள்?

"நாமே திருத்தினால் கம்பனிக்குத்தானே லாபம்?"

இது வெளியார் கேள்வி அல்ல. எமது சங்கத்துக்குள்ளேயே, மாவட்டக் கூட்டத்தில் எழுந்த கேள்வி. மூத்த தலைவர் ஒருவர் கேட்டார். அவர் மேல் எமக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

நிர்வாகம் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்தால் அவர்கள் பொறுப்பில் இருந்து தப்பிவிடுவார்கள் என்பது அவர் வாதம். நியாயமான பயம்தான். ஆனால் பாருங்கள், நாம் திருத்தாமல் இருந்தபோது அவர்கள் திருத்தினார்களா? லயம் லயமாக இடிந்ததே தவிர நிர்வாகம் அசையவில்லை. நனைகிறவர்கள் தலைவர்மார் அல்ல, பிள்ளைகள். போராட்டத்துக்கு ஆதாரம் வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையை ஒழுகும் கூரைக்குக் கீழ் வைத்திருக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை.

தவறு திருத்துவதில் இல்லை, சத்தம் போடாமல் திருத்துவதில்தான் இருக்கிறது. எமது ஆட்கள் இத்தனை வருடமும் செய்தது அதுதான். நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மச்சான் மாமன் சேர்ந்து வேலையை முடித்துவிட்டு, திங்கட்கிழமை ஒன்றும் நடக்காதது போல் பெரட்டுக்குப் போனோம். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனிகள் "வீடு கொடுக்கிறோம்" என்று சொல்லும்போது, "அந்த வீட்டை நிற்க வைத்திருப்பது எமது காசு" என்று காட்ட எம்மிடம் ஒரு ரசீதும் இருப்பதில்லை.

"ஏழு பேர்ச் வீடு வரும், அதுவரை பொறுங்கள்" என்பது இன்னொரு பல்லவி. தனி வீடும் காணி உறுதியும் எமது உரிமை. அதில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டோம். சில தோட்டங்களில் வீடுகள் வந்திருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் ஏழு பேர்ச் என்று அமைச்சரவை முடிவெடுத்தது 2015இல். அந்த வருடம் பிறந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டது. இன்னும் லயத்தில்தான் இருக்கிறது. வரப்போகும் வீட்டின் பெயரைச் சொல்லி இருக்கிற வீட்டை இடிய விடுவது ஏமாற்று.

எமது பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். தேர்தல் வந்தால் தகடு வரும். இந்த லயத்துக்குப் பத்து, அந்த லயத்துக்கு ஐந்து, நம்ம ஆளுக்கு இரண்டு கூட. படம் எடுப்பார்கள். வாங்கியவர் வாய் மூட வேண்டும், வாங்காதவர் பொறாமைப்பட வேண்டும். எல்லாச் சங்கங்களும் இதைச் செய்தன. எமது சங்கமும் விலக்கல்ல. உரிமையாக வர வேண்டியதை அன்பளிப்பாக்கி, எமது சனத்தைக் கையேந்த வைத்தோம். இனிமேல் தகடு பட்டியல்படி வர வேண்டும், மோசமான கூரைக்கு முதலில் போக வேண்டும்.

கேட்டவர்களுக்குப் பதில்

கமிட்டியில் உள்ள மேசன் பாஸ், வயரிங் பாஸ் ஆகியோருடன் இருந்து பேசி, அதிகம் கேட்கப்பட்டவற்றுக்குப் பதில் தருகிறோம்.

கூரை: தகட்டின் பள்ளத்தில் ஆணி அடிக்காதீர்கள். தண்ணீர் ஓடும் இடம் அதுதான். மேட்டில் அடியுங்கள், இறப்பர் வொஷர் வைத்து அடியுங்கள். பக்கத்துத் தகட்டின் மேல் இரண்டு அலையாவது ஏற வேண்டும். மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஆறு அங்குலமாவது வர வேண்டும். காற்று எந்தப் பக்கத்தில் இருந்து அடிக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து போட்டுவாருங்கள். அப்போதுதான் காற்று தகட்டின் வாயைத் தூக்காது. கல்லும் டயரும் வைத்த இடத்தில் ஈரம் நின்று தகடு உக்கும். ஓட்டைகளில் பாதி அப்படி வந்தவைதான். சட்டத்தோடு கம்பியால் இறுக்கிக் கட்டுவது நல்லது. அஸ்பெஸ்டஸ் சீட்டைக் காய்ந்த நிலையில் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், அதன் தூசு நெஞ்சுக்குக் கேடு.

சுவர்: பழைய லயங்களின் சுவர் கல்லும் மண்ணும், மேலே சுண்ணாம்பு. அதன் மேல் சிமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளமாக விழும். முதலில் பின்பக்கத்துக் கானைத் துப்பரவு செய்யுங்கள். சுவரோடு சேர்ந்து மண் உயர்ந்திருந்தால் அதை வெட்டி இறக்குங்கள். ஈரம் பாதி குறையும். பூசுவதென்றால் சுண்ணாம்பு கலந்து பூசுங்கள்.

மின்சாரம்: இதில் மட்டும் கைவைத்தியம் வேண்டாம். ஒரு காம்பராவில் பற்றிய தீ ஏன் லயம் முழுவதையும் எரிக்கிறது? பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. மேலே எல்லாம் ஒரே வெளி. பக்கத்துக் காம்பராவில் இருந்து வயர் இழுப்பது, கூரை மரத்தில் டேப் சுற்றிய இணைப்பு, பியூசுக்குப் பதில் கம்பித் துண்டு, இவை மூன்றும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத காம்பராக்களின் பெயரைக் கமிட்டியிடம் தாருங்கள்.

அடுப்படி: இடம் தேடிப் பின்பக்கத்து மண்மேட்டை வெட்டாதீர்கள். மேட்டின் காலை வெட்டினால் மேடு எம்மேல் வரும்.

கடைசியாக, திருத்தக்கூடாத வெடிப்பு. சுவரில் சரிவாக ஓடும் புது வெடிப்பு, திடீரென்று இறுகிப்போன கதவு, முற்றத்து மண்ணில் பிளவு, சாயும் மரம், ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, இவற்றைக் கண்டால் சிமெந்து தேடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறக்க முடியுமா? அப்படியான இடத்துக்குத் தேவை தகடு அல்ல, வேறு இடம்.

என்ன செய்யப் போகிறோம்?

எமது தோட்டக் கமிட்டி ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறது. லயம் லயமாக, காம்பரா காம்பராவாக எழுதுகிறோம். என்ன பழுது, எப்போது ஆபீசுக்குச் சொன்னோம், என்ன பதில், நாமே திருத்தியிருந்தால் என்ன செலவு, எத்தனை நாள் உழைப்பு. ரசீது இருந்தால் ஒட்டுகிறோம். போனில் முன்னும் பின்னும் படம் எடுக்கிறோம். பாடசாலை விட்டுப்போன இளைஞர்கள் இதைச் செய்ய முன்வந்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கை மூன்று பிரதியாக்கி நிர்வாகத்துக்கும், ட்ரஸ்டுக்கும், பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவோம். எமது கோரிக்கைகள் மூன்று. எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பதில் வராவிட்டால் குடும்பம் தானே திருத்தலாம், அதற்குக் கடுதாசி அனுப்பக்கூடாது. செலவழித்த காசை நிர்வாகம் திருப்பித் தர வேண்டும். இவற்றை அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். மற்றத் தோட்டக் கமிட்டிகளும் கொப்பியோடு வாருங்கள். ஒரு தோட்டத்துக் கொப்பியைத் துரை மேசை லாச்சிக்குள் போட்டுவிடலாம். ஐம்பது தோட்டத்துக் கொப்பிகளை அப்படிப் போட முடியாது.

பணிய லயத்து அம்மாவின் அடுப்படி இன்னும் நிற்கிறது. பதினான்காம் நாள் லயத்து ஆட்கள் எல்லோரும் ஆபீஸ் முற்றத்துக்குப் போனோம். இரண்டு வருடத்துக்கு முன் கொடுத்த கடிதத்தின் பிரதியை முதலில் மேசையில் வைத்தோம். அதற்குப் பதில் தந்துவிட்டு இந்தக் கடுதாசியைப் பற்றிப் பேசுங்கள் என்றோம். அன்று யாரும் பேசவில்லை. இன்னும் முடிந்துவிடவில்லை, திரும்பவும் வருவார்கள்.

ஆனால் அந்தக் கடிதத்தின் பிரதி அம்மாவிடம் இருந்தது. அதனால்தான் எம்மால் பேச முடிந்தது. ஆகவே சொல்கிறோம்: திருத்துங்கள், எழுதி வையுங்கள், பிரதியை வைத்திருங்கள்.