பெயர் மறைத்த போத்தல்

மதுவின் சுவை நாம் அறியோம். எனினும், யவனர் கொணர்ந்த தேறலைப் பருகுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறப்பாட்டை மானிப்பாயிலே நாம் கற்பிக்கும்போதெல்லாம், “நாட்பட்டால் மது சிறக்குமா, ஐயா?” என்று எவனாவது கேட்டுவிடுகிறான்.

சிவந்த முந்திரிகை மது சில சிறக்கும். துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து மண்டியாய் அடியிற் படிய, துவர்ப்பு மெலியும். செந்நிறம் செங்கல் நிறமாகும்.

1976 மே 24இல், ஆங்கிலேய வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பாரிசிலே போத்தல்களின் பெயரை மறைத்துச் சுவைஞர்க்கு அளித்தார். பிரெஞ்சு நிபுணர் ஒன்பதின்மர் இட்ட புள்ளிகளால், சிவப்பு மதுவில் முதலிடம் பெற்றது கலிபோர்ணியாவின் 1973ஆம் ஆண்டு ஸ்டாக்ஸ் லீப்! பிரெஞ்சு மதுவோ முதிர்ந்தபின்னரே மேம்படும் எனச் சமாதானம் கூறினர் பலர். முப்பதாண்டு கழித்து, 2006இல் இலண்டனிலும் நாபாவிலும் அதே மதுக்களை மீண்டும் சுவைத்தனர். முதல் ஐந்தும் கலிபோர்ணியாவே. தலைமை பெற்றது 1971ஆம் ஆண்டு ரிட்ஜ் மொன்ரி பெல்லோ.

இதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. நல்ல மாணாக்கன் பெயரைக் கண்டதும் நமது சிவப்புப் பேனா இளகியதுண்டு. ஆகவே, இத்தவணைக் கட்டுரைகளிற் பெயரை மடித்து ஒட்டித் தரச் சொன்னோம்.

“கையெழுத்தை எப்படி ஐயா ஒட்டுவது?” என்றான் கடைசி வாங்கிலிருந்த ஒருவன்.