சைக்கிள் வியாபாரிக்கு அடையாள அட்டை

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக் குப்பையை நான்காகப் பிரித்துத் தரச் சொல்கின்றன. டெல்டாவின் சிற்றூர்களில் இது நடக்க, பழைய பொருள் வாங்கும் சைக்கிள் வியாபாரிகளை உள்ளாட்சிகள் முறைப்படி சேர்த்துக்கொள்ள வேண்டும். விதிதான் புதிது, பிரிக்கும் தொழில் பழையது. தஞ்சாவூரிலிருந்து அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகக் கும்பகோணத்துக்குச் சைக்கிள் மிதிப்பவர் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த வியாபாரிகள் கேரியரின் இருபுறமும் சாக்கு தொங்க, பாட்டில் ஒரு பக்கம், அட்டைப்பெட்டி மறுபக்கம் என்று அடைத்து, கைத்தராசில் நிறுத்துக் கையோடு காசும் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் சீண்டாதவைதான் வாய்க்காலுக்குப் போகின்றன: ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, 2019 ஜனவரி 1 முதலே தமிழகத்தில் தடை செய்யப்பட்ட கேரி பை. (மஞ்சப்பை விளம்பரப் பலகைக்குக் கீழேயே அந்தப் பை கிடப்பதும் உண்டு.) மேட்டூர் தண்ணீர் வந்ததும் இவை மதகில் சிக்கி, கடைமடை வயலுக்குப் போகும் நீரை மறிக்கின்றன. குப்பை பொறுக்குவோரை அங்கீகரிக்க 2016 விதிகளே சொல்லியும் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. அதற்குச் சமாதானம் கிடையாது. பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இந்தச் சைக்கிள் வியாபாரிகளுக்கு அடையாள அட்டையும், பொருளைப் பிரித்துவைக்க இடமும் தர வேண்டும். விலைபோகாத உறைகளுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்க வேண்டும். அந்தச் செலவை உறையைச் சந்தைக்கு அனுப்பிய நிறுவனங்களிடமே வசூலிக்க வேண்டும்.