120 ஹேர்ட்ஸும் ஓர் உம்மாவின் மோதிரமும்

 

நீளமான பதிவு. ஆனால் இந்த வருடம் பிள்ளைக்கு போன் வாங்க நினைக்கிற ஒவ்வொரு பெற்றோரும் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருடம் என்னிடம் படிக்கிற ஒரு பையன் இடைவேளைக்கு வந்து கேட்டான். "சேர், 120 ஹேர்ட்ஸ் போன் நல்லதோ?" நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "ஓம், நல்லம்தான்" என்றேன். அவ்வளவுதான். அவன் வீட்டுக்குப் போய், "சேரும் சொல்லிட்டார்" என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அந்த உம்மா காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பம் நடத்துகிறவர். சீட்டுக் காசு போதவில்லை. மோதிரத்தை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து அவரே என்னிடம் வந்தார். "சேர், நீங்க நல்லம் எண்டு சொன்ன போன்தானே, இதில பாடம் ஒண்டும் இறங்குதில்லையாம்." வாங்கிப் பார்த்தேன். சேமிப்பு இடம் 64 ஜிபி, முழுக்க நிரம்பிவிட்டது. ஸ்க்ரீன் 720 தரம். கடந்தகால வினாத்தாளைத் திறந்தால் எழுத்து மங்கல். முற்றத்து வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் ஒன்று உண்மை: விரலால் உருட்டினால் எண்ணெய் பூசினதுபோல வழுக்கிக்கொண்டு போகிறது. 120 ஹேர்ட்ஸ்!

அந்த உம்மாவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரோ போனின் பெயரோ சொல்லப்போவதில்லை. பிரச்சினை ஒரு கடை அல்ல. எங்கள் எல்லோருடைய வாயிலும் ஏறிவிட்ட ஓர் இலக்கம்தான் பிரச்சினை.

முதலில் அந்த இலக்கம் என்ன என்று பார்ப்போம். அந்தப் பையனிடமே கேட்டேன். "நெட் வேகமா வேலை செய்யும் சேர்" என்றான். இல்லை. நெட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஸ்க்ரீன் ஒரு செக்கனில் எத்தனை தரம் தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் இந்த ஹேர்ட்ஸ். 60 என்றால் ஒரு செக்கனில் 60 தரம், அதாவது 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு படம். 90 என்றால் 11.1. 120 என்றால் 8.3. ஆக 60க்கும் 120க்கும் இடையில் ஒரு படத்துக்கு 8.3 மில்லிசெக்கன் வித்தியாசம். ஒரு தரம் கண் இமைக்கவே 100 மில்லிசெக்கனுக்குக் குறையாமல் எடுக்கும்.

அதற்காக இது பொய் என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். என் தம்பியின் போனை வாங்கி, அவனுக்குத் தெரியாமல் 120ஐ 60 ஆக்கிக் கொடுத்தேன். பேஸ்புக்கைத் திறந்து வேகமாக உருட்டினான். "என்ன நானா செய்தீங்க, இழுக்குதே" என்று உடனே கேட்டான். பிறகு திருப்பி 120க்குப் போட்டேனா இல்லையா என்று சொல்லாமல் ஒரு கணித வகுப்பு வீடியோவை ஓட விட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை. ஒரு பிடிஎஃப் பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். அதிலும் சொல்ல முடியவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி ஒரு செக்கனுக்கு 25 படம். சினிமா 24. யூடியூபில் பிள்ளைகள் பார்க்கிற வகுப்புகள் பெரும்பாலும் 25 அல்லது 30. புத்தளத்தில் இருக்கிற உறவுகளோடும் கட்டாரில் இருக்கிற வாப்பாவோடும் பேசுகிற வீடியோ அழைப்பும் பெரும்பாலும் 30க்கு மேல் போகாது. சிக்னல் குறைந்தால் அதற்கும் கீழே. வருவதே 30 படம் என்றால், 60 ஸ்க்ரீன் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் காட்டும், 120 ஸ்க்ரீன் நாலு தரம் காட்டும். ஒரே வாழைப்பழத்தை இரண்டாக வெட்டினால் என்ன, நாலாக வெட்டினால் என்ன? நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 24 படச் சினிமா 120இல் சமமாகப் பிரியும், 60இல் பிரியாது. சினிமாவை நுணுக்கமாகப் பார்க்கிறவருக்கு அது தெரியலாம். ஏ.எல். பிள்ளைக்கு அது தேவையில்லை. வாசிக்கிற நேரத்தில் பக்கம் அசைவதே இல்லை. அசையாத பக்கத்துக்கு 120 எதற்கு?

இனி இதற்கு வருகிற பதில்களைப் பார்ப்போம். இவற்றை எங்கள் இளைஞர்களிடமிருந்தே நேரில் கேட்டிருக்கிறேன்.

"60 எண்டா பழைய போன் சேர், வெட்கம்." தம்பிமாரே, ஐபோன் என்றால் வாயைப் பிளக்கிறீர்களே. 2024 செப்டெம்பரில் வந்த ஐபோன் 16 சாதாரண மொடல், அமெரிக்காவிலேயே 799 டொலர் விலை, 60 ஹேர்ட்ஸ்தான். சாதாரண ஐபோனுக்கு 120 வந்தது 2025 செப்டெம்பரில், ஐபோன் 17இல்தான். அதுவரைக்கும் அதைக் கையில் வைத்திருந்தவரைப் பார்த்து நீங்கள் சிரிக்கவில்லை. இடியப்பம் விற்கிறவரின் மகன் 60 வைத்திருந்தால் மட்டும் சிரித்தீர்கள். அப்படியென்றால் உங்கள் அளவுகோல் ஹேர்ட்ஸ் அல்ல.

"கண்ணுக்கு நல்லது." இதைச் சொல்லித்தான் தாய்மாரைச் சம்மதிக்க வைக்கிறார்கள். பிள்ளையின் கண் என்றால் எந்த உம்மா மறுப்பார்? போன் பார்க்கிறபோது கண் களைப்பதற்கும் காய்வதற்கும் பெரிய காரணம், நாங்கள் இமைப்பது குறைந்துபோவதும், மணிக்கணக்காகக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதும்தான். அதற்கு மருந்து இலவசம். 20 நிமிடத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 செக்கன் பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்து மாமரத்தைப் பார்த்தால் போதும். எழுத்து மங்கலாக இருந்து பிள்ளை போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால், 120 இருந்தும் கண் களைக்கத்தான் செய்யும்.

"கேம் விளையாட வேணும்." சரி, அது உண்மையான பதில். வேகமான விளையாட்டுக்கு இது உதவும். ஆனால் அதற்கு ஸ்க்ரீன் மட்டும் போதாது, உள்ளே இருக்கிற புரோசசரும் அவ்வளவு படங்களை உருவாக்கித் தர வேண்டும். மலிவான போனில் புரோசசர் 40, 50 படத்துக்கே மூச்சு வாங்கும். ஸ்க்ரீன் 120க்குத் தயாராக நிற்கும், படம் வராது. அதைவிட, விளையாட்டுக்குத்தான் வேண்டும் என்றால் வீட்டில் அதைச் சொல்லிக் கேளுங்கள். "படிப்புக்கு" என்று சொல்லி உம்மாவின் மோதிரத்தை வாங்காதீர்கள்.

"இப்ப விலையில வித்தியாசம் இல்லையே, மலிவு போனிலயும் 120 வருதே." இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பதில். கேட்க நியாயமாக இருக்கும். அதே விலைக்கு ஒன்று கூடுகிறது என்றால், வேறு எங்கோ ஒன்று குறைந்திருக்கும். கம்பனிகள் எங்களுக்கு சதகா கொடுக்கவில்லை. ஓர் உதாரணம். இது அந்த வீட்டுப் போன் அல்ல, எல்லோரும் தேடிப் பார்க்கக்கூடிய விபரம். 2024இல் வந்த ரெட்மி 14சி 120 ஹேர்ட்ஸ், ஆனால் ஸ்க்ரீன் தரம் 720. அதே வருடம் வந்த சாம்சுங் ஏ16 90 ஹேர்ட்ஸ்தான், ஆனால் 1080 தரம், ஆறு வருடப் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று கம்பனி வாக்குக் கொடுத்திருக்கிறது. விலை இரண்டும் ஒன்றல்ல, இரண்டாவது கூட. எனக்கு எந்தக் கம்பனியும் காசு தரவும் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: பெரிய இலக்கம் உள்ள போன்தான் நல்ல போன் என்று இல்லை.

720 தரம் என்றால் என்ன? 720க்கு 1600 புள்ளி என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய பதினொன்றரை இலட்சம் புள்ளிகள். 1080க்கு 2400 என்றால் ஏறக்குறைய 26 இலட்சம். பாதியும் இல்லை. எங்கள் பிள்ளைகள் வாசிப்பது எதை? வட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த, ஸ்கேன் செய்த தமிழ் வினாத்தாள். னகரமா ணகரமா, மெய்க்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டிய எழுத்து எங்கள் எழுத்து. அதற்கு வேண்டியது 26 இலட்சம் புள்ளி. 120 தரம் புதுப்பித்தாலும் மங்கல் மங்கல்தான்.

போன் விற்கிற எங்கள் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கேட்ட சம்பவம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதில் பாடம். இன்று கடைக் கண்ணாடியில் "120 ஹேர்ட்ஸ்" பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. 720ஐயும் 64 ஜிபியையும் எங்கே ஒட்டியிருக்கிறீர்கள்? பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அந்த உம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது வடக்கில் முதலில் பேசப்பட்ட ஊர்களில் ஒன்று எங்கள் அரியாலை. அன்றிலிருந்து போன் எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை மாதிரி ஆகிவிட்டது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனது. 2024 ஜனவரி முதல் போனுக்கும் 18 வீத வற் வரி. ஏழை வீட்டில் ஒரு போன் வாங்குவது இன்று சின்ன விடயம் அல்ல. மோதிரமும் எங்கள் வீடுகளில் வெறும் அலங்காரம் அல்ல. 1990 ஒக்டோபரில் நகையையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேறி, 2009க்குப் பிறகு திரும்பி வந்து, ஒவ்வொரு கிராமாகச் சேர்த்த குடும்பங்கள் இவை. அப்படிச் சேர்த்த ஒரு மோதிரம் 8.3 மில்லிசெக்கனுக்குப் போகக் கூடாது.

ஆகவே கடைக்குப் போனால் ஹேர்ட்ஸைக் கடைசியாகக் கேளுங்கள். அதற்கு முதல் இவற்றைக் கேளுங்கள்.

1. ஸ்க்ரீன் 720ஆ 1080ஆ? ஒரு தமிழ் வினாத்தாளை அனுப்பித் திறந்து பாருங்கள்.

2. சேமிப்பு எவ்வளவு? பாடம் இறக்கிப் படிக்கிற பிள்ளைக்கு 128 ஜிபிக்குக் குறைய வேண்டாம்.

3. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருடம்?

4. கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் தெரியாத ஸ்க்ரீன் எத்தனை ஹேர்ட்ஸ் ஆனாலும் கறுப்புக் கண்ணாடிதான்.

5. தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா? *#06# அடித்தால் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதில் வந்த பிறகு காசைக் கொடுங்கள்.

இந்த ஐந்தும் சரியாக இருந்து, அதற்கு மேல் 120 வந்தால் அல்ஹம்துலில்லாஹ், வாங்குங்கள். நானும் வாங்குவேன். இந்த ஐந்தில் ஒன்றை விட்டுக்கொடுத்து 120 வாங்காதீர்கள். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குப் போய் 60க்கு மாற்றி விடுங்கள். குறைந்தது பற்றரியாவது கொஞ்சம் கூட நேரம் நிற்கும்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. பிள்ளை ஒரு பொருளைக் காட்டி "நல்லதோ சேர்" என்று கேட்டால், "எதுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். தலையை நிமிர்த்திக் கேளுங்கள். எங்கள் வாயிலிருந்து வருகிற ஒரு "ஓம்" எந்த வீட்டு அலுமாரியைத் திறக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. நான் அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

அந்த மோதிரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. பையனின் போனில் தேவையற்றதை அழித்து, ஒரு மெமரி காட் போட்டு, பாடங்களை நானே பிரித்து அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். அவன் கெட்டிக்காரன், அதை வைத்தே படிப்பான், இன்ஷா அல்லாஹ். அடகு மீட்கிற விடயத்தை நானும் அந்தக் குடும்பமும் பார்த்துக்கொள்வோம். அதற்கு யாரும் காசு அனுப்ப வேண்டாம்.

போன் வாங்க நினைக்கிறவர்கள் கீழே கேளுங்கள், அல்லது அஸருக்குப் பிறகு நேரில் வாருங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் காசு கொடுப்பதற்கு முதல் வாருங்கள்.

வஸ்ஸலாம்.